சவரக்கத்தி வாரில் கண்ட பேஸ்ட்டையும் தடவ விடாதீர்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் யார் வீட்டிலாவது தாத்தா காலத்துச் சவரக்கத்தி இருந்து, அதைத் தீட்டக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து முதலில் இதைப் படித்துவிடுங்கள். முக்கியமாக, கத்தி தீட்டும் தோல் வாரில் எந்தப் பேஸ்ட்டையும் தடவக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். "வைரப் பேஸ்ட் போட்டுத் தர்றேன், இனிமே கல்லே வேண்டாம்" என்று யாராவது ஆரம்பித்தால் கத்தியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வைரப் பேஸ்ட் என்று எதையோ பூசி என் கத்தியைக் கெடுத்த கடையின் பெயரை நான் போடவில்லை. இதே சரக்கை இன்னும் சில இடங்களில் பார்த்தேன், அதனால் ஒரு கடையை மட்டும் ஒதுக்கி வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, சரக்கை அடையாளம் கண்டுகொள்வதுதான் முக்கியம்.

என் கத்தி ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்தது, வீட்டில் வழிவழியாக வந்தது. முதுகில் மெல்லிய தங்கப் பூச்சு இருந்தது. வார், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய எருமைத்தோல். வருடக்கணக்கில் கத்தி ஓடி ஓடி அதில் ஒரு வழவழப்பு ஏறியிருந்தது, அந்த வழவழப்பைக் கடையில் காசு கொடுத்து வாங்க முடியாது. கத்தி வாய் லேசாக மழுங்கியதால் கும்பகோணத்தில் கத்தி, கத்தரி தீட்டித் தரும் ஒரு கடையில் கொடுத்தேன். கல்லில் மட்டும் தீட்டுங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். வாரின் கொக்கிப் பக்கம் தையல் விட்டிருந்தது, அதைத் தைத்துத் தருவதாகக் கடைக்காரரே சொன்னார்.

திரும்ப வாங்கப் போனபோது வாரின் முழு நீளத்துக்கும் கருஞ்சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ பூசியிருந்தது. கேட்டதற்கு, "அரை மைக்ரான் வைரப் பேஸ்ட் சார், ஸ்பெஷலா உங்களுக்குத்தான் போட்டேன், துருவும் பிடிக்காது" என்றார். மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தூளின் அளவைத்தான் அப்படிச் சொல்கிறார். நான் கேட்காத வேலைக்குத் தனிக் காசு, அதே பேஸ்ட் ஒரு சின்ன டப்பா, எல்லாம் சேர்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார். "வைர பேஸ்ட் 0.5" என்று அவர் கையாலேயே எழுதிய அந்தச் சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த நாள் காலை மழித்தபோது கன்னம் எரிந்தது, தாடைக்குக் கீழே புள்ளி புள்ளியாக ரத்தம். கத்தி முடியை வெட்டாமல் பிய்த்து இழுத்தது. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் வைக்கும் உருப்பெருக்கியால் பார்த்தால் கத்தி வாய் நெடுகக் குறுக்குக் கீறல்கள், அந்தக் கீறல்கள் விளிம்பைத் தொடும் இடங்களில் எல்லாம் பொடிப்பொடியாக உடைந்திருந்தது. முதுகில் தங்கப் பூச்சு பாதி போய்விட்டது. வாரில் ஓட்டும்போது வாயும் முதுகும் சேர்ந்தே தோலில் படும், அதனால் மோசமான பேஸ்ட் இரண்டையும் சேர்த்தே தின்னும்.

டப்பாவைத் திறந்து விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தது. அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. வலங்கைமான் பக்கம் டீசல் எஞ்சின், டிராக்டர் வேலை பார்க்கும் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் ஊரில் பாதி பம்புசெட் எஞ்சின் அவர் பட்டறையில்தான் பிரித்துக் கிடக்கும். அவரிடம் காட்டினேன். மோந்து பார்த்தார், இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு தேய், அவ்வளவுதான். "தம்பி, இது வால்வு உட்கார வைக்கத் தேய்க்கிற பேஸ்ட்டு, இதையா மூஞ்சியில வைக்கிற கத்திக்குப் போட்டாங்க?" என்று கேட்டுவிட்டுத் தன் அலமாரியிலிருந்து ஒரு டின்னை எடுத்துத் திறந்து பக்கத்தில் வைத்தார். அதே நிறம், அதே வாசனை, அதே நறநறப்பு.

வால்வு பேஸ்ட் என்பது கிரீஸில் கலந்த சிலிக்கான் கார்பைடு தூள், அதாவது கார்போரண்டம். எஞ்சின் வால்வையும் அது உட்காரும் இடத்தையும் ஒன்றோடொன்று அரைத்துப் பொருத்துவதற்காகச் செய்தது. டின்னில் 'நைஸ்' என்று போட்டிருக்கும் பக்கத்தில்கூடத் துகள் பத்து மைக்ரானுக்கு மேல்தான் இருக்கும், 'கோர்ஸ்', அதாவது கரடான பக்கம் அதைவிடப் பல மடங்கு. சவரக்கத்திக்கு ஆகும் பேஸ்ட்டில் துகள் 1 மைக்ரான், 0.5, 0.25 என்ற கணக்கு. மனித முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அரை மைக்ரான் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு பொடியான தூள் விரலில் நறநறக்கவே நறநறக்காது. இந்த ஒரு சோதனை போதும், கடையிலேயே டப்பாவைத் திறக்கச் சொல்லி நகக்கண் அளவு எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். திறக்க மாட்டேன் என்றால் வாங்க வேண்டாம்.

இன்னொரு சரக்கும் இருக்கிறது, பச்சைக் கட்டி. "குரோமியம்" என்று சொல்லி விற்கிறார்கள். நிஜமான குரோமியம் ஆக்சைடு பச்சைதான், அரை மைக்ரான் அளவில் கிடைப்பது சவரக்கத்திக்கு நல்ல பொருளும்கூட. ஆனால் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பித்தளையை மெஷினில் கொடுத்துப் பளபளப்பாக்கும் பஃப் சோப்பும் பச்சையில் வருகிறது, அதில் அலுமினியம் ஆக்சைடும் பெரிய துகள்களும் கலந்திருப்பது உண்டு. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கு அது சரி, கன்னத்தில் வைக்கும் கத்திக்கு ஆகாது. வைரப் பேஸ்ட்டும் அப்படித்தான், ஒவ்வொரு கம்பெனியும் அளவுக்கு ஏற்ப ஒரு நிறம் கலக்கும், ஒருவர் போடும் மஞ்சளும் இன்னொருவர் மஞ்சளும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. நல்ல வைரப் பேஸ்ட் பெரும்பாலும் சின்ன ஊசிக்குழலில் வரும், மேலே மைக்ரான் அளவு அச்சிட்டிருக்கும்.

சரியான பேஸ்ட்டாகவே இருந்தாலும் தினமும் ஓட்டும் வாரில் அதைத் தடவவே கூடாது, என் கோபத்தில் பாதி இதற்குத்தான். தினசரி வாரின் வேலை இரும்பை அரைப்பது இல்லை, மழித்த பிறகு லேசாக மடங்கிய விளிம்பை நேராக்கி வழவழப்பாக்குவது. பேஸ்ட் போட்டுவிட்டால் ஒவ்வொரு நாளும் ஓட்டும்போது இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தொங்கும் வார் அழுத்தத்தில் குழிவதால் கத்தி வாய் உருண்டு போகும், உருண்ட வாயைத் திரும்பக் கல்லில் வைத்துத்தான் சரி செய்ய வேண்டும். அதனால் பேஸ்ட் என்றால் அதற்கென்று தனியாக ஒரு தோலோ, மரப்பலகையில் ஒட்டிய துணியோ வைத்துக்கொள்ள வேண்டும், தடவுவதும் பட்டாணி அளவுக்கு மேல் போகக் கூடாது, கத்தி சொணங்கத் தொடங்கும்போது மட்டும் அழுத்தாமல் சில இழுப்பு. இரண்டு அளவுப் பேஸ்ட்டை ஒரே தோலில் கலக்கக் கூடாது. அதிலிருந்து சுத்தமான வாருக்கு மாறும் முன் கத்தியைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் துகள் கூடவே வந்துவிடும். அப்புறம், கல் வேண்டாம் என்பது சுத்தப் பொய். கல்லில் ஏற்றிய கூர்மையைக் கொஞ்ச நாள் நீட்டித்துத் தரத்தான் பேஸ்ட்டால் முடியும். மழுங்கிப் போன கத்தியைப் பேஸ்ட்டால் எழுப்ப முடியாது.

துரு பிடிக்காது என்று சொன்னதும் அதே ரகம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் ஊரில் எதுதான் துருப்பிடிக்காமல் இருக்கிறது? மழித்ததும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அதற்குத்தான் துரு அடங்கும், தேய்க்கும் தூளுக்கு அடங்காது.

டப்பாவையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பப் போனேன். "நீங்க அழுத்தி ஓட்டியிருப்பீங்க" என்றார் முதலில். மெக்கானிக் சொன்னதைச் சொன்னதும், "கம்பெனிச் சரக்கு சார், எனக்கு எப்படிக் குடுத்தாங்களோ அப்படித்தான் விக்கிறேன்" என்றார். எந்தக் கம்பெனி என்று கேட்டேன், பதில் இல்லை. டப்பாவில் தயாரித்தவர் பெயர் இல்லை, எடை இல்லை, விலை இல்லை, தேதி இல்லை. நான் நின்றுகொண்டிருந்தபோதே சலூன் வைத்திருக்கும் ஒரு பெரியவர் வந்து அதே டப்பாவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அவரைத் தனியாகக் கூப்பிட்டு என் கத்தியைக் காட்டினேன். வாங்காமல் போனார். கடைக்காரருக்கு என் மேல் கோபம், பணம் திருப்பித் தரவில்லை.

கத்தியைக் காப்பாற்ற முடிந்தது. 1000 நம்பர் தீட்டுக் கல்லில் ஆரம்பித்து, 4000, 8000, 12000 என்று நைஸான கற்களுக்கு ஏறி, விளிம்பை முழுக்கப் புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று, அதில் கத்தியின் அகலமே கண்ணுக்குத் தெரியும்படி குறைந்துவிட்டது. தங்கப் பூச்சு போனது போனதுதான். வாருக்கு வழியே இல்லை. தோலுக்குள் இறங்கிய துகளைச் சோப்போ பெட்ரோலோ முழுதாக எடுக்காது, சுரண்டினாலும் மிச்சம் இருக்கும். உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால் அந்தத் தோலில் மறுபடி சவரக்கத்தியை வைக்காதீர்கள், வெட்டிப் பலகையில் ஒட்டினால் அரிவாளுக்கும் சமையலறைக் கத்திக்கும் உதவும்.

ஏமாந்தவர்கள் சும்மா விடவும் வேண்டாம். பொட்டலத்தில் தயாரிப்பாளர், எடை, விலை, தேதி போடாமல் விற்பது சட்டமுறை எடையளவு விதிகளுக்கே விரோதம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. துண்டுச் சீட்டாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், கத்தி வாயைப் பெரிதாக்கிப் படம் எடுத்து வையுங்கள், டப்பாவைக் காலி செய்யாமல் அப்படியே வையுங்கள். என் மனு தயாராகிறது, அதே கடையிலோ வேறு இடத்திலோ இதே கருஞ்சாம்பல் டப்பா வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போடலாம்.