பெரம்பூர் போஸ்ட்ஹியூமன் கிளாஸ்: போலாமா வேணாமா

பெரம்பூர்ல ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில ஞாயித்துக்கிழம சாயங்காலம் போஸ்ட்ஹியூமன் தியரி கிளாஸ் நடக்குது, பீஸ் 200 ரூபா, டீ சமோசா அதுலயே அடக்கம். தியரின்னா என்னன்னே தெரியாதவங்களும் வரலாம்னு போட்டிருந்தாங்க, நான் அந்த கேட்டகிரி தான்.

போஸ்டர்ல ரோபோ கை, மூளைக்குள்ள சிப்பு. அத பாத்து தான் பாதி பசங்க வந்திருந்தாங்க. மேடம் வந்ததுமே, மனுஷன அப்கிரேட் பண்ணி சாகாம வெக்க பாக்குறது டிரான்ஸ்ஹியூமனிசம், அது வேற கட்சி, நாங்க மனுஷன் தான் எல்லாத்துக்கும் நடுநாயகம்னு யாரு முடிவு பண்ணதுன்னு கேக்குற கட்சின்னுட்டாங்க. அப்புறம் எதுக்குங்க ரோபோ போட்டீங்க, மாத்துங்க.

மொத பாதி மொக்க. இந்த தியரிய எழுதுனவங்க பேரும் வருஷமும் தான், 1977 இஹாப் ஹாசன், 1985 டோனா ஹாராவே, 1999 கேத்தரின் ஹேல்ஸ்னு பீச் டிரெயின்ல ஸ்டேஷன் பேரு வர்ற மாதிரி வந்துட்டே இருக்கு. டாவின்சி படம் போட்டதும் தான் நிமிந்து உக்காந்தேன், வட்டத்துக்குள்ள கை கால விரிச்சிட்டு நிப்பானே ஒரு ஆளு, 1490 வாக்குல வரைஞ்சது. மனுஷன்னா இவன் தான் அளவுன்னு வெச்சு மத்தவங்கள எல்லாம் கம்மியா பாத்துட்டாங்கங்கறது இதே தியரி எழுதுற ரோசி பிரைடோட்டியோட வாதம். பின் சீட்டு அண்ணன் ஒருத்தரு, "எங்களையே இன்னும் அந்த மனுஷங்க லிஸ்ட்ல சேக்கல, அதுக்குள்ள லிஸ்ட்ட கிழிக்கிறீங்களேம்மா"ன்னாரு பாருங்க, கிளாஸே கப்சிப். மேடம் மழுப்பல. ஜமைக்கா எழுத்தாளர் சில்வியா வின்டர் இந்த பக்கமா தான் யோசிச்சிருக்காங்க, ஒரு வகை ஆள மட்டும் காட்டி அது தான் மொத்த மனுஷ இனம்னு ஏமாத்திட்டாங்கன்னு சொன்னவங்கன்னு நிறுத்தி விளக்குனாங்க. இதுக்கே 200 ரூபா தகும்.

அடுத்து எண்ணூர். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட கழிமுகத்துல எண்ணெய் கலந்துச்சுல்ல, கூழைக்கடா எல்லாம் கருப்பாயி, மீனவங்க பக்கெட்டால அள்ளுனாங்களே, அத எடுத்துக்கிட்டு எண்ணெய், வெள்ளம், வலை, பறவை, மனுஷன் எல்லாமே சேந்து தான் ஒரு சம்பவம் நடக்குதுன்னாங்க. ஜேன் பென்னெட்னு ஒரு தியரி எழுத்தாளர் 2003ல அமெரிக்காவுல கரண்ட் போனத இப்படி தான் பாக்குறாங்களாம். கேக்க நல்லா தான் இருக்கு. காசிமேட்டுலேந்து வந்திருந்த அக்கா, "எல்லாரும் சேந்து பண்ணதுன்னா நஷ்ட ஈடு யாருகிட்ட கேக்குறது, எண்ணெ மேலயா கேஸ் போடுறது?"ன்னாங்க. இதுக்கு மேடம் பதில் வழவழா கொழகொழா தான், பொறுப்ப பரப்புறது வேற தப்பிக்க விடுறது வேறன்னாங்க, எப்படி வேறன்னு சொல்லல. என்ன கேட்டா இந்த தியரிக்கு இங்க தான் ஓட்ட.

நாலு ஸ்டார் குடுக்கலாம். நோட்ஸ் முழுக்க இங்கிலீஷ், அதுக்கு ஒரு ஸ்டார் கட். அடுத்த வாரம் ஹாராவே நாய்ங்கள பத்தி எழுதுனது, நாய் வளக்குறவங்க கண்டிப்பா போங்க, ஃபேன் ஒண்ணே ஒண்ணு தான் ஓடுது, சீக்கிரம் போய் அதுக்கு கீழ எடம் புடிங்க.