இரண்டாம் ஆண்டில் வந்த கடிதம்: டெக்சாஸ் வீடும் எஸ்க்ரோ கணக்கும்

டெக்சாஸில் கட்டி முடியும் நிலையிலுள்ள ஒரு புது வீட்டை வாங்கவிருக்கும் நண்பர் சென்ற வாரம் கேட்டார்: "வரி, இன்சூரன்ஸ் எல்லாத்தையும் எஸ்க்ரோவே கட்டிடுமாமே அண்ணா, நாம கவலைப்பட ஒண்ணுமில்லையே?" எஸ்க்ரோ என்பது ஒரு குறிப்பிட்ட செலவுக்காக நம் பணத்தை இன்னொருவர் பொறுப்பில் வைக்கும் கணக்கு. 2020 செப்டம்பரிலிருந்து அந்தக் கணக்கை வைத்திருப்பவன் என்ற முறையில், தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன்.

வீடு வாங்கும்போது வரும் எஸ்க்ரோவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் முன்பணம், வீட்டின் உரிமையைச் சரிபார்த்து விற்பனையை முடித்துத் தரும் டைட்டில் கம்பெனியிடம் இருந்தது. வீட்டைக் கட்டியவர் மூன்று வாரம் தாமதித்தபோதும், ஒப்பந்த நிபந்தனைகள் நிறைவேறும்வரை அந்தப் பணத்தை அவரும் தொட முடியவில்லை, நாங்களும் தொட முடியவில்லை. அந்த மூன்று வாரமும் நாங்கள் நிம்மதியாகத் தூங்கியதற்கு அதுவே காரணம்.

என் மனத்தாங்கல் முழுவதும், வரிக்கும் காப்பீட்டுக்கும் என்று மாதத் தவணையோடு சேர்த்துக் கட்டும் மற்றொரு எஸ்க்ரோவைப் பற்றியது. டெக்சாஸில் சொத்து வரி அந்தந்த ஆண்டின் ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்து மதிப்பிடப்படுகிறது. 2020 ஜனவரியில் எங்கள் மனையில் புல்லைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதால், அவ்வாண்டு வரி 1,680 டாலர் மட்டுமே. கடன் தவணையை வசூலிக்கும் நிறுவனம் அதையே அடிப்படையாகக் கொண்டு, வரிக்கு மாதம் 140, காப்பீட்டுக்கு 150, ஆக 290 டாலர் பிடித்தது. அசலும் வட்டியுமான 1,420 டாலரோடு சேர்த்து 1,710 டாலர் கட்டிவந்தோம். எங்கள் குடும்பச் செலவுகள் அனைத்தையும் அந்தத் தொகையை நம்பியே வகுத்திருந்தோம்.

2021-க்கு முழு வீட்டுக்குமான வரி வந்தது: 8,400 டாலர். நிறுவனம் டிசம்பரில் அதைக் கட்டிவிட்டு, 2022 பிப்ரவரியில் ஒரு கடிதம் அனுப்பியது. சமையலறை மேசையில் அதை விரித்து வைத்து, நானும் மனைவியும் ஆளுக்கொரு முறை கூட்டிப் பார்த்தோம். இனி வரிக்கு மாதம் 700 டாலர். சென்ற ஆண்டு குறைந்துபோன 6,720 டாலரை 12 மாதங்களில் அடைக்க, மாதம் 560. கணக்கில் எப்போதும் இருக்க வேண்டிய இரண்டு மாத இருப்பும் அதற்கேற்ப உயர்ந்ததால், மேலும் 93. காப்பீட்டையும் சேர்த்து, 290 டாலராக இருந்த எஸ்க்ரோ 1,503 டாலராகிவிட்டது. மொத்தத் தவணை 2,923. அந்த ஆண்டு கோடையில் ஊருக்குப் போக எடுத்திருந்த பயணச்சீட்டுகளை ரத்து செய்தோம்.

யாரும் எங்களை ஏமாற்றவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கடன் நடைமுறைகளுக்காக 1974-இல் இயற்றப்பட்ட ரெஸ்பா (RESPA) என்ற அமெரிக்க மத்தியச் சட்டம் வீட்டுக்காரரைக் காக்கத்தான் செய்கிறது: ஆண்டுச் செலவில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் இருப்பு கேட்கக் கூடாது, ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும், தவணை பாக்கியில்லாதவருக்கு 50 டாலரோ அதற்கு மேலோ மிஞ்சினால் 30 நாளில் திருப்பித் தர வேண்டும். ஆனால் கடன் கொடுப்பதற்காக இதே வீட்டை மதிப்பீட்டாளரை வைத்து அறை அறையாக அளந்து முழு விலையும் எழுதிய கோப்பு அவர்களிடமே இருந்தது. கடனுக்கு முழு வீட்டையும் கணக்கில் எடுத்தவர்கள், வரிக்கு வெறும் மனையை மட்டும் எடுத்ததை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. வரி மதிப்பீடு ஆகாத புது வீடு என்றால், அக்கம்பக்கத்தில் உள்ள ஒத்த வீடுகளின் மதிப்பை வைத்துக் கணிக்கலாம் என்று விதிமுறையே சொல்கிறது. 'கணிக்கலாம்' என்றுதான் சொல்கிறது, 'கணிக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் கொடுத்த விலை பெரிது.

அதன் பிறகு கணக்கு ஒழுங்காகவே நடந்திருக்கிறது. ஒருமுறை கடன் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியபோதும், ஜனவரி 31 கெடுவுக்கு முன்பே வரி கட்டப்பட்டது. 2023-இல் சொத்து வரியின் பகுதியான பள்ளி வரிக்கு ஹோம்ஸ்டெட் விலக்கை (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் வரி போடாமல் விடும் தொகையை) மாநிலம் 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தியபோது, மிஞ்சிய தொகை நாங்கள் கேட்காமலே காசோலையாக வந்தது. இத்தனைக்கும் பிறகு, கடன் வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதால், எஸ்க்ரோவை மூடிவிடும்படி சென்ற மாதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் எஸ்க்ரோ இருப்புக்கு வட்டி தரச் சட்டம் உண்டு; எங்களுக்கு ஒரு காசு வட்டி வந்ததில்லை. அந்த 700 டாலரை இனி என் சேமிப்புக் கணக்கிலேயே வைத்து, டிசம்பரில் நானே கட்டுவேன்.

நண்பருக்கு நான் சொன்னது வேறு. முதல் வீடு என்பதால் எஸ்க்ரோ இருக்கட்டும். ஆனால் கையெழுத்திடும் முன்பு, வரித்தொகை மனைக்கு மட்டும் போடப்பட்டதா, கட்டிய வீட்டுக்கா என்று கேளுங்கள். மனைக்கு மட்டும் என்றால், முழு வீட்டின் மதிப்பில் கணக்கிட்டுப் பிடிக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். மறுத்துவிட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் மாதத்திலிருந்தே தனியாக எடுத்து வையுங்கள். இரண்டாம் ஆண்டுக் கடிதம் வரும்வரை அதைத் தொடாதீர்கள்.