வெட்டு அருமை, திருகுதான் நிலைக்கவில்லை

ஒரே பேனலாக வரும் சர்க்யூட் போர்டுகளை 'வி' வடிவப் பள்ளத்தின் வழியே தனித்தனியாகப் பிரிக்கும், கையால் தள்ளும் வி-கட் கருவிக்கு மேல் பிளேடு மாற்றி முடித்த கையோடு நண்பர் கேட்டார்: "நானும் இதையே வாங்கலாமா?"

வெட்டைப் பற்றி மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 1.6 மி.மீ. கண்ணாடியிழை போர்டில் இரண்டு பக்கமும் பள்ளம் போட்ட பின் நடுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கனம்தான் மிஞ்சும். கீழ்ப் பிளேடு பள்ளத்தில் உட்கார, மேலே வட்டப் பிளேடு உருண்டு போக, போர்டு நேர்கோடாகப் பிரிகிறது. சுழலும் முனையால் அறுக்கும் ரௌட்டர் கருவி கிளப்பும் தூசி இதில் கிடையாது.

என் ஆத்திரமெல்லாம் மேல் பிளேடின் உயரத்தை நிறுத்தும் திருகின் மேல்தான். தள்ளத் தள்ள, அதன் பூட்டு நட்டு மெல்லத் தளர்கிறது. பிளேடு கொஞ்சம் மேலேறினாலும் போதும், கருவி வெட்டுவதை விட்டுவிட்டு போர்டை வளைத்துப் பிய்க்கத் தொடங்கிவிடும். ஓரத்தில் லேசாக நார் தெரியும், அவ்வளவுதான்.

அடி வாங்குவது பீங்கான் கெபாசிட்டர்கள். பள்ளத்தை ஒட்டி, அதற்குச் செங்குத்தாக வைத்த 1206 அளவுக் (சுமார் 3.2 × 1.6 மி.மீ.) கெபாசிட்டர் அந்த வளைவைத் தாங்காது. சால்டர் பிடித்திருக்கும் முனைக்கு அடியில் விரிசல் தொடங்கிச் சாய்வாக உள்ளே ஏறும். லென்ஸில் பார்த்தாலும் பெரும்பாலும் தெரியாது. பரிசோதனையில் போர்டு தேறிவிடும். பிறகு ஈரம் இறங்கி, உள் அடுக்குகள் ஷார்ட் ஆகி, வாடிக்கையாளரின் வீட்டில் கருகும். அப்படித் திரும்பி வந்த ஓர் எல்.இ.டி. டிரைவரின் (விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட்) கெபாசிட்டரை ரெசினில் பதித்துத் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். அந்தச் சாய்ந்த கோடு தெளிவாகத் தெரிந்தது. ஒரு நல்ல பூட்டு நட்டுக்கு என்ன விலை இருந்துவிடப் போகிறது? விற்றவரோ "அவ்வப்போது இறுக்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்.

கெபாசிட்டரைப் பள்ளத்துக்கு இணையாகத் திருப்பி, தள்ளி வைத்தால் ஆபத்து குறையும். ஆனால் பிறர் வடிவமைத்த போர்டில் பாகங்களைப் பொருத்திக் கொடுக்கும் எங்களுக்கு அந்த உரிமை ஏது?

நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். இத்தனை சுத்தமாக வெட்டும் கருவிக்கு இது கடுமையான தீர்ப்புதான், ஆனால் இன்றைக்கு என்னால் வேறு சொல்ல முடியாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் நட்டையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து இரு பிளேடுகளின் இடைவெளியைச் சரிசெய்யாமல் அடுத்த பேனலைத் தொடாதீர்கள்.