கிருஷ்ணகிரியில் இரண்டு நாள் கிறிஸ்தவச் சபைத் தலைவர்கள் பயிற்சி: 900 ரூபாய்க்குத் தகுமா?

போன ஜூன் மாதம் போய் வந்தேன். 'சபை வெளியே பார்க்க வேண்டும்' என்பதுதான் பயிற்சியின் சாரம். ஆளுக்கு 900 ரூபாய், தங்கலும் சாப்பாடும் ஒரு பயிற்சிப் புத்தகமும் அதிலேயே அடக்கம். எங்கள் சபை தருமபுரி டவுனை ஒட்டி இருக்கிறது, 74 குடும்பம். பாஸ்டர் ஐயா, பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒரு அக்கா, பொருளாளர் என்ற முறையில் நான் என்று மூன்று பேர் போனோம். கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரிப் பயிற்சி என்றால் பாட்டு, கைதட்டல், கடைசியில் ஒரு சான்றிதழ் என்ற நினைப்பில்தான் பஸ் ஏறினேன்.

முதல் நாள் காலை அப்படித்தான் போனது. அமெரிக்காவில் ஏதோ ஒரு சபை தன் கார் நிறுத்துமிடத்தில் காபிக் கடை திறந்ததாம், அதற்கு 20 நிமிடம் ஸ்லைடு. எங்கள் சபைக்கு வருகிற கார் மொத்தம் மூன்று. எனக்கு எரிச்சல் வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை இந்தியாவுக்கு அனுப்பிய மிஷனெரி தியோடர் நேதர் 1895-இல் வேலை தொடங்கியது இதே கிருஷ்ணகிரியில். 1903-இல் திருநெல்வேலிக்காரர்கள் தாங்களே இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, பாஷை தெரியாத தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். இதில் ஒரு வரிகூட ஸ்லைடில் இல்லை. நல்லவேளை, கரண்ட் போய் ப்ரொஜெக்டர் அணைந்தது.

மதியம் வந்தவர் வேறு ரகம். ஓய்வு பெற்ற போதகர், கையில் பைபிள் மட்டும். பைபிளில் வரும் அந்தியோகியா ஊர்ச் சபையை எடுத்தார். அப்போஸ்தலர் நடபடிகள் 11-ஆம் அதிகாரத்தில் பஞ்சம் வரும் என்று கேட்டவுடன் அவர்கள் யூதேயாவுக்குப் பணம் அனுப்புகிறார்கள். 13-ஆம் அதிகாரத்தில் பர்னபாவையும் சவுலையும் (பின்னால் பவுல் ஆனவர்) வெளியூர் ஊழியத்துக்கு அனுப்புகிறார்கள். "சபையில் மிச்சம் இருந்த ஆளையா அனுப்பினாங்க? இருந்ததிலேயே நல்ல ஆள் ரெண்டு பேரை" என்றார். எங்கள் பாஸ்டர் ஐயா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் அவர் கேட்டது போன வருடக் கணக்கை. கொண்டு வரச் சொல்லி முன்பே சொல்லியிருந்தார்கள், பாதிப் பேர் கொண்டு வரவில்லை. என்னிடம் இருந்தது. மதிலுக்கு உள்ளே போன செலவுக்கு நீலம், வெளியே போன செலவுக்குச் சிவப்பு, கோடு போடுங்கள் என்றார். எங்கள் மொத்தச் செலவு 8,40,000. சிவப்பில் வந்தது 31,000. வடக்கே இருக்கும் மிஷனெரி ஒருவருக்கு மாதம் 1,500 வீதம் 18,000, மீதி கிறிஸ்துமஸ் போர்வைக்கு. மதிலுக்கும் புது கேட்டுக்கும் மட்டும் 1,85,000. பேரேட்டை எழுதியவனே நான்தான். ஒரு பைசா பிசகாத கணக்கு என்று மகாசபைக் கூட்டத்தில் வருடா வருடம் பாராட்டு வாங்குகிறவன். அதே பக்கத்தை அன்றைக்குப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அறிவிப்புகளையும் எண்ணச் சொன்னார். போன ஞாயிறு ஆராதனையில் எங்கள் அறிவிப்பு 11. அறுப்பின் பண்டிகை ஏலம், சங்கக் கூட்டம், நாற்காலி வாடகை பாக்கி. தெருவைப் பற்றி ஒன்றும் இல்லை.

இரவுச் சாப்பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். சூடான கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், அப்புறம் மாம்பழம். இரண்டு முறை வாங்கினேன். மறுநாள் பிரியாணி என்று போட்டதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஊர் திரும்பியதும் செய்ய ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். பைபிளும் கைப்பிரதியும் இல்லாமல் கேட்டைத் தாண்டிப் போய், மூன்று வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டு வர வேண்டும். ஜெபம்கூட வேண்டாம், கேட்டால் போதும். சபைக்குப் பின்னால் ஒரு பாட்டி. மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலை, பேரப்பிள்ளைகள் இரண்டும் இவரிடம். "போர் தண்ணியில பல்லு கறையாகுதுன்னு சொல்றாங்க. எங்க தெரு பைப்பு உடைஞ்சு நாளாச்சு. உங்க உள்ளாற ஒகேனக்கல் தண்ணி வருதாமே, எப்பவும் பூட்டியே வெச்சிருக்கீங்களே சாமி" என்றார். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 15 வருடமாக அந்தச் சபையில் பொருளாளர் நான். கேட் சாவி என் வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

இப்போது காலை 6 முதல் 8 வரை கேட் திறந்திருக்கிறது. கமிட்டியில் இதற்கு ஒரு மணி நேரச் சண்டை. தண்ணீர் கொடுப்பதில் இல்லை, குழாய்க்கு மேலே வசனம் எழுதுவதா வேண்டாமா என்பதில். "எழுதினா ஆள் பிடிக்கிறாங்கன்னு பேச்சு வரும் அண்ணே" என்று வாலிபர் சங்கத் தம்பி சொன்னது எடுபட்டது. சுவர் வெறுமையாக இருக்கிறது.

குறை என்றால் இதுதான். இந்தச் சந்தேகப் பேச்சை எப்படிச் சந்திப்பது என்று பயிற்சியிலேயே இரண்டு பேர் கேட்டார்கள். "ஜெபியுங்கள்" என்று சொல்லி டீ இடைவேளைக்கு விட்டுவிட்டார்கள். தருமபுரியில் சபை நடத்துகிறவனுக்கு அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்க வேண்டும். பயிற்சிப் புத்தகத்தின் தமிழும் கரடுமுரடு, நான் பாதியில் வைத்துவிட்டேன். மாதா மாதம் போனில் விசாரிப்போம் என்றார்கள், வந்தது ஒரே ஒரு போன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அதில் மூன்று மதிய வகுப்புக்கு. போகிறவர்கள் பாஸ்டரை மட்டும் அனுப்பாமல் கணக்கு எழுதுகிறவரையும் சாவி வைத்திருப்பவரையும் சேர்த்து அனுப்புங்கள். போன வருடப் பேரேட்டை எடுத்துப் போங்கள். மெத்தை மெல்லிசு, ஒரு ஜமக்காளமும் எடுத்துக்கொள்வது நல்லது.