மலிவாக வரும் 1917 சவரன்: எந்தச் சோதனை எதைச் சொல்லும்?

நம் ஊரில் தங்கம் வாங்குகிற எல்லோருக்கும் சவரன் என்றால் 8 கிராம். அந்தப் பெயரைக் கொடுத்த பிரிட்டிஷ் நாணயத்தின் எடை 7.988 கிராம், தரம் 22 காரட், விட்டம் 22.05 மில்லிமீட்டர். ஒரு பக்கம் அரசரோ அரசியோ, மறுபக்கம் குதிரைமேல் இருந்து டிராகனைத் தாக்கும் புனித ஜார்ஜ். பாட்டிமார் காசுமாலையில் கோத்துப் போட்டிருந்த அதே காசுதான். இணையத்தில் இது தினமும் விற்பனைக்கு வருகிறது. அப்படி வருவதில் என்னிடம் அதிகம் பேர் கேட்பது ஒன்றைப் பற்றி: 1917ஆம் ஆண்டு லண்டனில் அடித்த சவரன், சாதாரணக் காசின் விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

அது ஏன் அபூர்வம் என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். அந்த ஆண்டு லண்டன் நாணயச்சாலையில் சுமார் 10 லட்சம் அடித்தார்கள். போர்ச் செலவுக்காக அதில் பெரும்பகுதி அமெரிக்கா போய் உருக்கப்பட்டுவிட்டது என்பது சேகரிப்பாளர்கள் சொல்லும் காரணம். மிஞ்சியவை மிகக் கொஞ்சம். ஆனால் அதே 1917இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். சிட்னி, மெல்போர்ன், கனடாவின் ஒட்டாவா ஆகிய இடங்களிலும் அடித்தார்கள். எடை ஒன்று, உலோகம் ஒன்று, உருவமும் ஒன்று. வேறுபாடு ஒரே ஒரு பொடி எழுத்து. குதிரையின் காலடியில் ஓடும் தரைக்கோட்டில், ஆண்டு எண்ணுக்கு நேர் மேலே, சிட்னி என்றால் 'எஸ்' (S), பெர்த் என்றால் 'பி' (P) என்று இருக்கும். லண்டன் காசில் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

இல்லாத ஓர் எழுத்துதான் இங்கே விலையைப் பல மடங்கு ஏற்றுகிறது. ஆகவே ஏமாற்ற நினைப்பவன் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை, இருப்பதைச் சுரண்டினால் போதும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சோதனையையும் பார்ப்போம்.

விலையும் படமும்

முதலில் விலை. அன்றைய 22 காரட் கிராம் விலையை 7.99ஆல் பெருக்குங்கள். கேட்கும் விலை அதற்கும் கீழே இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எந்த நகைக்கடையிலும் அடகுக்கடையிலும் அதைவிட நல்ல விலைக்குப் போடக்கூடிய தங்கத்தை, முகம் தெரியாத ஒருவருக்கு ஒருவர் ஏன் குறைத்துக் கொடுக்க வேண்டும்? தங்கத்தின் விலைக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ கேட்டால்தான் குழப்பம். விற்பவருக்கு அருமை தெரியாமல் இருக்கலாம். அப்படியும் நடக்கும், அந்த நம்பிக்கையில்தான் நாம் எல்லோரும் தேடுகிறோம்.

படத்தை வைத்து முடிவெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேறொருவருடைய காசின் படத்தை எடுத்துப் போடுவது மிக எளிது. இன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டின்மேல் காசை வைத்து மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தராசும் தண்ணீரும்

கையில் வந்த காசுக்குத் தராசும், விட்டமும் தடிமனும் அளக்கும் காலிப்பரும் போல மலிவான, நேர்மையான சோதனை வேறில்லை. எடை 7.98ஐ ஒட்டி இருக்க வேண்டும். புழக்கத்தில் தேய்ந்த சவரன் செல்லுபடியாவதற்குப் பிரிட்டிஷ் சட்டம் வைத்திருந்த குறைந்தபட்ச எடை சுமார் 7.94 கிராம். ஆகவே 7.95 வந்தால் பதற வேண்டாம், 7.8 வந்தால் சந்தேகப்படுங்கள். கூடுதலாக வந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் தேய்மானம் எடையைக் கூட்டாது. தடிமன் 1.52 மில்லிமீட்டர். பித்தளையில் இதே அளவுக்குச் செய்தால் 4 கிராம்கூட வராது. எடையைச் சரிக்கட்டினால் தடிமன் இரண்டு மடங்காகிவிடும்.

தண்ணீர்ச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக முங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. 7.98 கிராம் சவரனுக்கு அது 0.45 கிராம் வரும். வகுத்துப் பார்த்தால் சுமார் 17.7. செம்பு கலந்த 22 காரட் தங்கத்தின் அடர்த்தி அதை ஒட்டித்தான் இருக்கும். வெள்ளி 10.5, ஈயம் 11.3 என்பதால் குழப்பத்துக்கே இடமில்லை. ஒரே குறை, இரண்டு தசமம் காட்டும் தராசில் 0.44 வந்தால் 18.1 என்றும், 0.46 வந்தால் 17.3 என்றும் விடை ஆடும். மில்லிகிராம் தராசு இருந்தால் நல்லது. காற்றுக்குமிழி ஒட்டாமல் இருக்க ஒரு சொட்டு சோப்புநீர் விடலாம். எடுத்த பிறகு துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

உள்ளே டங்ஸ்டன் வைத்து ஏமாற்றுவார்களே என்று கேட்பார்கள். அந்தப் பயம் 24 காரட் கட்டிகளுக்குப் பொருந்தும், ஏனென்றால் டங்ஸ்டனின் அடர்த்தி சுத்தத் தங்கத்தை ஒட்டியது. சவரன் அளவில் டங்ஸ்டனை வைத்தால் 8.7 கிராம் வந்துவிடும். சாதாரணத் தராசே காட்டிக்கொடுக்கும்.

உரைகல், காரட் மீட்டர்

பத்தரிடம் கொண்டுபோய் உரைத்துப் பார்ப்பது நம் வழக்கம். நகைக்கு அது சரி. சேகரிப்புக் காசுக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். உரைத்தால் விளிம்பில் தழும்பு விழும், அதோடு சேகரிப்பாளர் தரும் விலையும் இறங்கும். மேலே கனமாக முலாம் பூசியிருந்தால், மேலாக உரைத்ததில் மாற்றும், அதாவது தங்கத்தின் தரமும், சரியாகவே தெரியும். சுண்டிச் சத்தம் கேட்பதையும் இதோடு சேர்த்து விட்டுவிடுங்கள்.

கடைகளில் இருக்கும் காரட் மீட்டர் காசைத் தொடாமல் எக்ஸ்ரே கதிரால் பார்க்கிறது. காயம் இல்லை, சில நிமிடத்தில் முடிவு. உரைகல்லா மீட்டரா என்றால் தயங்காமல் மீட்டர். ஆனால் அதுவும் மேற்பரப்பின் சில மைக்ரான் ஆழத்தைத்தான் பார்க்கிறது. தண்ணீர்ச் சோதனை முழுக் காசையும் பார்க்கிறது, என்ன உலோகம் என்று சொல்லாது. மீட்டர் உலோகத்தைச் சொல்கிறது, உள்ளே பார்க்காது. அதனால் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். மீட்டர் சீட்டில் தங்கம் 91.6ஐ ஒட்டியும், மீதி பெரும்பாலும் செம்பாகவும் இருக்க வேண்டும். துத்தநாகம் கண்ணில் படுகிற அளவுக்கு இருந்தால் அது பிற்காலத்து நகை உலோகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, எல்லாவற்றிலும் தேறிவிட்டது. இப்போது நமக்குத் தெரிந்தது என்ன? தங்கம் உண்மை என்பது மட்டும்தான். 1950களிலும் 60களிலும் லெபனானில் சவரனைச் சரியான எடையில், நல்ல தங்கத்திலேயே கள்ளத்தனமாக அடித்தார்கள். காசு, அதிலுள்ள தங்கத்தைவிடக் கூடுதல் விலைக்குப் போனதால் அதில் அவர்களுக்கு லாபம் இருந்தது. பிரிட்டிஷ் நாணயச்சாலை 1957இல் மறுபடி சவரன் அடிக்கத் தொடங்கியதற்கு இந்தக் கள்ளக் காசுகளும் ஒரு காரணம். எழுத்தைச் சுரண்டிய பெர்த் காசோ இன்னும் ஒரு படி மேல்: அது நாணயச்சாலையே அடித்த உண்மைச் சவரன். இதுவரை சொன்ன உலோகச் சோதனைகள் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கும்.

பூதக்கண்ணாடி

1917ஐப் பொறுத்தவரை, பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ்தான் மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்தது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, காசைச் சுற்றிக்கொண்டே பாருங்கள். ஆண்டு எண்ணுக்கு மேலே தரைக்கோட்டின் நடுப்பகுதியில் மட்டும் ஒரு பளபளப்பு, மயிரிழைக் கீறல், லேசான பள்ளம், கோடு அங்கே மட்டும் மெலிந்திருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். நண்பர் ஒருவர் வாங்கிய காசில் எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. எடை, தண்ணீர், மீட்டர் எல்லாம் சரி. குதிரையும் வீரரும் நூறாண்டு அழுக்கோடு மங்கிக் கிடந்தார்கள், அந்த ஒரு மில்லிமீட்டர் இடம் மட்டும் நேற்றுத் துடைத்ததுபோல் இருந்தது. அவருக்கு அதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

முழுதாகப் போலியாக அடித்ததும் லென்ஸில் மாட்டும். எழுத்துகளின் ஓரம் சோப்பு கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும். சமதளத்தில் பொடிக் குழிகளோ பருக்களோ இருக்கும். விளிம்புக் கோடுகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். அரசர் ஐந்தாம் ஜார்ஜின் கழுத்து வெட்டில் வடிவமைத்தவரான மெக்கென்னலின் 'பி.எம்.' (B.M.) என்ற முதலெழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும். அரசர் தலையை நேராகப் பிடித்துக்கொண்டு காசைப் பக்கவாட்டில் புரட்டினால் புனித ஜார்ஜும் நேராக நிற்க வேண்டும், தலைகீழாக அல்ல. விலை குறைந்த, சந்தேகமில்லாத ஒரு 1917 பெர்த் சவரனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

சான்றுப் பெட்டி

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள் காசைப் பரிசோதித்து, எண்ணோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. மூன்று கேள்விக்கும், அதாவது தங்கமா, நாணயச்சாலைக் காசா, அந்த அபூர்வக் காசா என்பதற்கு, ஒரே இடத்தில் பதில் தருவது இது மட்டுமே. ஆனால் பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையிலிருக்கும் காசின் கீறல்களோடு ஒப்பிட வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1917 காசு அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. பெட்டி இல்லாமல் இங்கே வாங்கிவிட்டு, அப்புறம் அமெரிக்காவுக்கு அனுப்பிச் சான்று வாங்கலாம் என்ற கணக்கு நடக்காது.

என் தேர்வைக் கேட்டால், 1917 லண்டன் என்று சொல்லி வருவதைச் சான்றுப் பெட்டியோடு மட்டுமே வாங்குவேன், இல்லையென்றால் தங்கத்தின் விலைக்குமேல் ஒரு ரூபாய் தரமாட்டேன். அந்த விலைக்கே கிடைக்கிறது என்றால், பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் ஒரே ஒரு படம் கேட்பேன்: பக்கவாட்டு வெளிச்சத்தில், ஆண்டு எண்ணும் அதன் மேலுள்ள தரைக்கோடும் மட்டும், எவ்வளவு அருகில் எடுக்க முடியுமோ அவ்வளவு அருகில்.