மஞ்சள் தண்ணீரா, ஓமக் கஷாயமா, வினிகரா? பச்சையாகச் சாப்பிடும் கீரையை எதில் ஊறவைப்பது

சட்னிக்கும் சாலட்டுக்கும் போகிற கொத்தமல்லி, புதினா அடுப்பில் ஏறுவதில்லை. வேரை நறுக்கி, மண் போக இரண்டு தண்ணீரில் அலச வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கப்புறம் கிருமி போக எதில் ஊறவைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. நான் வினிகர் பக்கம்.

மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீர் காலிஃபிளவருக்குள் ஒளிந்திருக்கும் புழுவை வெளியே கொண்டுவரும். கிருமி விஷயத்தில் அதை நம்ப முடியாது. மஞ்சளிலுள்ள குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் பொடி அடியில் படிந்திருக்கும். வேப்பிலைத் தண்ணீரில் போட்டால் சட்னி கசக்கும், விட்டுவிடலாம்.

ஓமத்தின் தைமாலும் கிராம்பின் யூஜெனாலும் கிருமியின் மேலுறையைச் சிதைக்கும் சரக்குகள், சந்தேகமில்லை. ஆனால் ஓமத்தைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் தைமால் ஆவியோடு போய்விடும். வீடெல்லாம் மணக்கிறதே, அது அத்தனையும் பாத்திரத்திலிருந்து போன மருந்துதான். கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் விட்டாலோ எளிதில் கலக்காது, திட்டுத்திட்டாகப் பிரிந்து நிற்கும். திட்டு ஒட்டிய இலை கருகும், மற்ற இலைக்குச் சரியாக எட்டாது. ஆலையில் எண்ணெயைப் பால்மமாக்கி, அதாவது தண்ணீரில் பிரியாமல் பால்போலக் கலந்து, தெளிக்கலாம். வீட்டில் அது நடக்காது.

ஆக, சரக்கு தண்ணீரில் முழுசாகக் கரைய வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். வினிகரில் இரண்டும் உண்டு. புட்டியிலேயே 4 சதவீதம் என்று போட்டிருக்கும். 250 மி.லி. வினிகருக்கு 750 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 1 சதவீத அசிட்டிக் அமிலம். ஒரு கட்டுக்குப் போதும். எலுமிச்சையும் கரையும்தான், ஆனால் பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். கரும்பு வினிகரோ செயற்கை வினிகரோ, இந்த வேலைக்கு வித்தியாசமில்லை.

எவர்சில்வர் பாத்திரமே நல்லது, அலுமினியம் வேண்டாம். இலை மிதக்கும், அதனால் மேலே ஒரு தட்டை வைத்து அமுக்கி 5 நிமிடம் விடுங்கள். ரொம்ப நேரம் ஊறினால் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை அமிலம் பிடுங்கி, இலை பாசி நிறமாகிவிடும். ஊறிய பின் குடிக்கிற தண்ணீரில்தான் அலச வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். தொட்டித் தண்ணீரில் அலசினால் பட்ட பாடு வீண். கலந்த நீரை அடுத்த கட்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

இதனால் கிருமி குறையும், அடியோடு ஒழியாது. குடற்புழு முட்டைக்கு அமிலம் பொருட்டேயில்லை. அது அலசலில் கழன்று போனால்தான் உண்டு.

கல்யாணச் சமையல் அளவுக்கு வினிகர் கட்டுப்படியாகாது. அங்கே உணவுக்கு ஏற்ற, வாசனை சேர்க்காத 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை (குளோரின் கரைசல்) 10 லிட்டர் தண்ணீருக்கு 12.5 மி.லி. கலந்தால் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு. அதே தொட்டியில் வினிகரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.