திருப்பூர் பட்டறைக்காரருக்கு எந்தக் கட்சி?

திருப்பூரில் பத்து தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, பண்ணுகிறவர், டைலர் வராத அன்றைக்கு அவரே ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறார், சனிக்கிழமை ஆனால் சம்பளப் பணத்துக்கு கம்பெனி கம்பெனியாக அலைகிறார். இவர் தொழிலாளியா, முதலாளியா? கட்சிகள் இந்தக் கேள்விக்குள் போவதே இல்லை.

தி.மு.க.வுக்குத் தொ.மு.ச. என்று சொந்தத் தொழிற்சங்கமே உண்டு. ஆனால் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியதும் அவர்கள்தான். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்ய, மூணே நாளில் நிறுத்திவைத்து மே தினத்தன்று வாபஸ் என்றார்கள். கொண்டுவரும் முன் தொ.மு.ச.வைக் கேட்டிருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது. பட்டறைக்காரருக்குக் கிடைத்தது 2022 செப்டம்பர் கரண்ட் கட்டண உயர்வு. ஆர்டர் இல்லாமல் மெஷின் தூசி படிந்து கிடந்தாலும் நிலைக்கட்டணம் வந்துவிடும். இதை எதிர்த்து அடுத்த வருஷம் சிறுதொழில்காரர்கள் ஒருநாள் உற்பத்தியை நிறுத்திப் போராடினார்கள்.

அ.தி.மு.க. 2003-ல் ஸ்டிரைக் பண்ணிய அரசு ஊழியர்களை லட்சக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பிய கட்சி. விசைத்தறிக்கு மட்டும் இரண்டு கழகமும் போட்டி போடும்: 2016-ல் அ.தி.மு.க. 750 யூனிட் கரண்ட் இலவசம், 2023-ல் தி.மு.க. 1,000. கொங்குப் பக்கம் தறிக்காரர் ஓட்டு மொத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். பனியன் ஜாப் ஒர்க்காரருக்கு அப்படி மொத்த ஓட்டு கிடையாது.

பா.ஜ.க.வுக்கு 2024 செப்டம்பரில் கோவையில் நடந்ததே போதும். பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதமா என்று ஒரு ஹோட்டல்காரர் நிதியமைச்சரிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். அடுத்து வந்தது அவர் மன்னிப்புக் கேட்கும் வீடியோ. ஒரு வருஷம் கழித்து ஜி.எஸ்.டி.யைக் குறைத்தார்கள், சரி. ஆனால் பெரிய ஹோட்டல்காரருக்கே அந்தக் கதி என்றால் ஜாப் ஒர்க்காரர் எங்கே போய் வாயைத் திறப்பார்?

தொழிலாளிக்கு என்றால் என் ஓட்டு கம்யூனிஸ்ட்களுக்குத்தான். 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 37 நாள் ஸ்டிரைக்கைத் தாங்கிப் பிடித்தது மார்க்சிஸ்ட்களின் தொழிற்சங்கமான சி.ஐ.டி.யு. சிக்கல், சீட்டுக்கு அவர்கள் தி.மு.க. வாசலில்தான் நிற்க வேண்டும். அப்புறம் அவர்கள் கணக்கில் நம் பட்டறைக்காரர் முதலாளி, கையில் ஊசி குத்திய தழும்பு இருந்தாலும்.

எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்றில் மூணு கட்சி காலண்டர் தொங்குகிறது. தேதி வட்டம் போட்டிருப்பது ஒன்றில் மட்டும்: ஈ.பி. பில் கட்டக் கடைசி நாள்.